பீடத்திலிருந்து போன இசைவுத்தாள்

புதன்கிழமை, காலை 5.55.

நெடுவாய்க்கால் அன்னை கோயிலில் பீடத்தின் மேல், சிலுவைக்கு அடியில் இருக்க வேண்டிய தாளைக் காணோம். மூப்பர் சேரன் ஊதாத் துணியைத் தூக்கிப் பார்த்தார். மெழுகுவர்த்தித் தண்டுகளை நகர்த்திப் பார்த்தார். கடைசியில் மண்டியிட்டுப் பீடத்துக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவினார். சேற்றில் இறங்கிய அறுவடை மெஷினை அலட்டிக்கொள்ளாமல் கரையேற்றுகிற மனிதர் அவர். எழுந்தவர் அதே துணியை மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

திருநீற்றுப் புதன் பூசைக்காக வெளியே முப்பத்தொரு குடும்பங்களும் வந்து நின்றன.

6.05-க்கு, கோயிலின் குரு பகலவன் போலீசுக்குப் போன் செய்தார். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தத் தாள் காணாமல் போனால் ஊர் முதலில் யார் முகத்தைப் பார்க்குமோ, அவரேதான் போலீசைக் கூப்பிட்டார்.

காலை 7.40. சப்-இன்ஸ்பெக்டர் நிலோஃபர் ஜீப்பிலிருந்து இறங்கினார். வரும் வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து முளைத்துக் கிடந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னங்க போச்சு? நகையா?"

"ஒரு தாள், மேடம்," என்றார் சேரன்.

நிலோஃபர் சிரிக்கவில்லை. எதற்காக மனிதர்கள் முகம் வெளுத்து நிற்கிறார்களோ அது விலை உள்ள பொருள்தான் என்பது அவருடைய கட்சி. அதனால்தான் அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும்.

"என்ன தாள்? நிதானமாச் சொல்லுங்க. எனக்கு உங்க சபையைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

தெரியாதது அவர் குற்றமல்ல. நெடுவாய்க்கால் சபை கத்தோலிக்கச் சபைதான். பூசை, செபம் எல்லாம் அதே. ஆனால் எந்த மறைமாவட்டத்திலும் சேராமல் அறுபத்திரண்டு வருடங்களாகத் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆயர் மதலைமுத்துவுக்கு எழுபத்து நாலு வயது. மன்னார்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். குரு பகலவன் கணக்கு வாத்தியார். ஆயருக்கும் குருவுக்கும் துணையாகப் பீடத்தில் நிற்கிற திருத்தொண்டர் செந்தாமரை, நர்ஸ். சேரன் குடும்பங்கள் தேர்ந்தெடுத்த மூப்பர். பீடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதில் ஆயர் வைத்ததே சட்டம். யார் ஆயர், எந்த நாளில் ஆயர் என்பதில் சபை வைத்ததே சட்டம். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைக்க முடியாது. பெரிய பெரிய இடங்களில் இல்லாத ஒழுங்கு.

"கோயில் சாவி யார்கிட்ட?"

"நாலு பேர்கிட்டயும் ஒண்ணொண்ணு," என்றார் சேரன். "பெரிய சாமி எங்களை வெளிய வெச்சுப் பூட்டிடக் கூடாதுல்ல."

"அவங்க என்னைய வெளிய வெச்சுப் பூட்டிடக் கூடாதுன்னும்தான்," என்றார் ஆயர். அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல் வந்தது.

போனது இசைவுத்தாள். அடுத்த ஆயராகச் செந்தாமரை வர முப்பத்தொரு குடும்பத் தலைவர்களும் தங்கள் கையால் கையெழுத்திட்ட தாள். முந்தின நாள் மாலை பெட்டியிலிருந்து எடுத்துப் பீடத்தில் வைப்பார்கள். திருநீற்றுப் புதன் காலையில் மூப்பர் படிப்பார். அன்றைக்குப் படிக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

"இன்னொரு தாள்ல எழுதி வாங்கிடலாமே?"

"ரெண்டு பேர் துபாய்ல இருக்காங்க, மேடம். பொங்கலுக்கு வந்தப்போ போட்ட கையெழுத்து."

"சரி, அடுத்த வருஷம் படிச்சா என்ன?"

ஆயர்தான் பதில் சொன்னார்.

"திங்கக்கிழமை தஞ்சாவூர்ல எனக்கு நெஞ்சைத் திறக்கப் போறாங்கம்மா. ஒரு ஆயர் தலையில கை வெச்சாத்தான் இன்னொரு ஆயர் வர முடியும். இந்தச் சின்னச் சபைக்கு வந்து கை வைக்க வேற ஆயர் இல்ல. சனிக்கிழமை தாமரை தலையில கை வெச்சிட்டேன்னா, மேசையில எனக்கு என்ன ஆனாலும் சபை பொழைச்சுக்கும். இல்லேன்னா என்னோட முடிஞ்சுது."

நிலோஃபர் நோட்டை எடுத்தார்.

8.05. பகலவன்.

"நீங்கதான் குரு. ஆயருக்கு அடுத்த படி. உங்களை விட்டுட்டு உங்களுக்குக் கீழ இருக்கிறவங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. வருத்தமா?"

"இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் யாரோடவும் பேசல. அப்புறம் நானும் கையெழுத்துப் போட்டேன்."

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"அஞ்சு மணிக்குப் போன வருஷத்துக் குருத்தோலையை எரிச்சேன். இன்னைக்கு நெத்தியில வைக்கிற சாம்பல் அதுதான். துணியில மூணு தரம் சலிச்சு, பித்தளைத் தட்டுல வெச்சேன். ஆறு மணிக்கு மூப்பர் தாளைப் பீடத்துல வெச்சார். நாலு பேரும் செபம் சொல்லிட்டுப் பூட்டிட்டுப் போனோம்."

"இன்னைக்குக் காலையில?"

"அஞ்சு பத்துக்கு வந்தேன். பீடம் மூடியிருந்துச்சு. தூக்கிப் பாக்கல."

8.20. செந்தாமரை. நாற்பத்தொரு வயது. கண் சிவந்திருந்தது.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"நாலே முக்காலுக்கு. விளக்கேத்தறது திருத்தொண்டர் வேலை."

"யாராவது உள்ள இருந்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"அஞ்சரைக்குப் பெரிய சாமி ரூமுக்குப் போயிட்டேன். பக்கத்துலதான்."

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"யார் மேலயும் இல்லீங்க."

நிலோஃபர் அவரைப் பாவமாகப் பார்த்துவிட்டு அனுப்பினார். அதிகம் இழந்தவரிடம் அதிகம் கேட்கக் கூடாது என்று நினைத்தார். நல்ல மனசுதான். போலீசுக்கு அது சில சமயம் ஆகாது.

8.30. பூசை முடிந்தும் கலையாமல் கோயிலின் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் நெற்றியை நிலோஃபர் பார்த்துக்கொண்டே நடந்தார். சாம்பல் சிலுவை எல்லோருக்கும் கறுப்பாக இருந்தது. ஆனால் அங்கங்கே வெள்ளையாக, மெல்லிய செதில் போல ஏதோ ஒட்டியிருந்தது. பித்தளைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரலால் கிளறினார். சுருண்ட சாம்பல் இதழ்கள் அடியில் கிடந்தன. ஒன்றில் பேனாக் கோடு ஒன்று வெள்ளிக்கம்பியாய் மின்னியது.

"மூப்பரே, இது குருத்தோலையா?"

சேரன் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிய விதத்திலேயே பதில் தெரிந்தது.

"எரிச்சிட்டாங்களா... எங்க கையெழுத்தையா நாங்க நெத்தியில வெச்சிருக்கோம்?"

"ஏங்க எரிக்கணும்? கிழிச்சு வாய்க்கால்ல போட்டுட்டுப் போயிருக்கலாமே."

"பீடத்துல வெச்ச பொருளைக் கண்ட இடத்துல போட மாட்டோம் மேடம். எரிக்கணும், இல்ல புதைக்கணும். எரிச்ச சாம்பலையும் கால் படாத இடத்துலதான் சேக்கணும்."

வேலை வெளியாள் செய்ததல்ல. சாவி வைத்திருந்த நால்வரில் ஒருவர்.

8.45. ஆயரின் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, செப்புக் கம்பிச் சுருள்கள். நிலோஃபர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பட்டாபிஷேகம் சனிக்கிழமை. அதுக்கு வேற என்னங்கய்யா முறை இருக்கு?"

"கை வைக்கிற ஆயர் மூணு நாள் உபவாசம் இருக்கணும். தண்ணி மட்டும். புதன் விடியறதுக்கு முந்தி ஆரம்பிச்சுச் சனிக்கிழமை முடிக்கணும்."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு சொன்னாங்க."

"சொல்லாத ஆளில்ல. மூப்பர் சொன்னார், வாத்தியார் சொன்னார், தாமரை அழுதே பாத்துட்டா. உபவாசம் பீடத்து விஷயம், சபை அதுல தலையிட முடியாதுன்னு சொல்லிட்டேன். எனக்குக் கை வெச்ச ஆயர் எழுபத்தெட்டு வயசுல இருந்தார். நான் இருக்க மாட்டேனா?"

"இப்போ சாப்பிட்டீங்களா?"

"தாளே போனப்புறம் உபவாசம் எங்கம்மா? ஆறேகாலுக்குத் தாமரை நாலு இட்லி கொடுத்தா. சாப்பிட்டுட்டுத்தான் பூசை வெச்சேன்."

மேசையில் ஒரு நோட்டு இருந்தது. நிலோஃபர் புரட்டினார். 16-ஆம் தேதி, 5.40, பதினாறு யூனிட். 17-ஆம் தேதி, 5.40, பதினாறு யூனிட். 18-ஆம் தேதி, அன்று காலை, 5.40, பதினாறு யூனிட். எல்லாம் ஒரே கையெழுத்து.

"ஊசி யார் போடறாங்க?"

"தாமரைதான். பதினோரு வருஷமா. எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. விடிஞ்சா கை தானா நீளும்."

நிலோஃபர் நோட்டை மூடினார். கண்டுபிடித்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

9.10. பீடத்துக்குப் பின்னறை. நால்வரும் நின்றார்கள்.

"தாளை எரிச்சது உங்கள்ல ஒருத்தர்," என்றார் நிலோஃபர். "வாத்தியார் ஓலையை எரிச்சப்போ தாள் பெட்டியில இருந்துச்சு. மூணு தரம் சலிச்ச சாம்பல்ல காகிதம் வர வழியில்ல. அப்போ அது அப்புறம் கலந்தது. அதுவரைக்கும் நாலு பேருக்கும் பொருந்தும். நானும் வாத்தியாரைத்தான் நினைச்சேன்."

"எல்லாரும் அதத்தான் நினைச்சிருப்பாங்க," என்றார் பகலவன்.

"ஆனா ஊசி இருக்கே. எங்க அத்தாவுக்கும், அதான் எங்கப்பாவுக்கும், சர்க்கரை. நாளைக்கோ நாளன்னைக்கோ பிறை பாத்து எங்களுக்கு நோன்பு. போன வாரமே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி அளவை மாத்தி எழுதிட்டு வந்தேன். பட்டினி கிடக்கிற ஆளுக்கு வழக்கமான அளவைப் போட்டா மயங்கி விழுந்துடுவாங்க. உயிருக்கே ஆபத்து. போலீஸ்காரி எனக்கே தெரியும். நர்ஸுக்குத் தெரியாதா?"

நிலோஃபர் தன் நோட்டைப் பிரித்தார்.

"தாளைக் காணோம்னு மூப்பர் பாத்தது அஞ்சு அம்பத்தஞ்சுக்கு. ஊசி போட்டது அஞ்சு நாப்பதுக்கு. அந்த நேரத்துல ஐயா உபவாசத்துலதான் இருக்கார்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. முழு அளவு போட்டவங்களுக்கு மட்டும் அவர் இன்னைக்குச் சாப்பிடுவார்னு தெரிஞ்சிருக்கு. தாளைப் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான், சிஸ்டர்."

"நான்தான்," என்றார் செந்தாமரை. "நீங்க எடுத்தீங்களான்னு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

கேட்கத் தோன்றுமா? ஆயர் ஆகப்போகிறவர் தன் பேர் எழுதிய தாளைத் தானே கொளுத்துவார் என்று யாருக்குத் தோன்றும்?

மதலைமுத்து அவரை நோக்கி ஓர் அடி வைத்தார். "நீ என்ன செஞ்சிருக்கேன்னு தெரியுதா தாமரை? அறுபத்திரண்டு வருஷம். திங்கக்கிழமை நான் எழுந்திரிக்கலேன்னா?"

"மூணு நாள் வெறுந்தண்ணியில கிடந்துட்டு அந்த மேசையில படுத்தா எழுந்திரிக்க மாட்டீங்க, சாமி. ஆஸ்பத்திரியில எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். உங்களைக் குழியில வெச்சுட்டு அந்தத் தொப்பியை நான் போட்டுக்கணுமா?" அவர் அழுகையை அடக்கவில்லை. "ஆயர் இல்லாமப் போனாப் போகட்டும். எனக்கு நீங்க வேணும்."

பகலவன் நிலோஃபர் பக்கம் திரும்பினார். "மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். எங்க எழுதிக் கொடுக்கணும்?"

சேரன் வெளியே போனார். கோயில் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத் தலைவர்கள் கூடினார்கள். நியாயமாக நிலோஃபர் அப்போதே ஜீப்பில் ஏறியிருக்க வேண்டும். போகவில்லை. என்ன சொல்வார்கள் என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

10.15. சேரன் தீர்மானப் புத்தகத்தோடு திரும்பினார்.

"சபைத் தாளை எரிச்சது தப்பு. அதுல மாத்துப் பேச்சு இல்ல. தாமரை ஒரு வருஷம் பீடத்துல ஏறக் கூடாது. அந்த ஒரு வருஷமும் கோயிலைப் பெருக்கித் துடைக்கணும்."

"சரிங்க," என்றார் செந்தாமரை.

"அடுத்த வருஷத்துக்குப் புதுத் தாள் இப்பவே ஆரம்பிச்சாச்சு. அதே பேருதான். முதல் கையெழுத்து வாத்தியார் போடணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க."

பகலவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இது செல்லாது," என்றார் மதலைமுத்து. "ஒரு வருஷம் நான் இருப்பேன்னு யார் சொன்னது? நாற்காலி காலியாயிட்டா?"

சேரன் அவர் எதிரே வந்து நின்றார். "நாங்களும் அதுக்குத்தான் சாமி பயந்தோம். நாற்காலி, நாற்காலின்னு பயந்து, அதுல உக்காந்திருக்கிற மனுஷனை மறந்துட்டோம். இவ ஒருத்திதான் மறக்கல. தேதி குறிக்கிறது சபையோட அதிகாரம். அடுத்த வருஷம்னு குறிச்சிட்டோம். அதுவரைக்கும் ஆயர் பதவியை விட்டுப் போக உங்களுக்கு அனுமதி இல்ல. ஊரை விட்டும் போகக் கூடாது, உலகத்தை விட்டும் போகக் கூடாது. துபாய்ல இருக்கிற ரெண்டு பேரையும் போன்ல கேட்டு, முப்பத்தொரு பேரும் சேந்து போட்ட தீர்மானம்."

"மீறிச் செத்துட்டேன்னா?"

"சபைக்கு அடங்காத ஆயர்னு கல்லறையில எழுதி வைப்போம்."

சபை தீர்மானித்ததை ஆயர் மறுக்க முடியாது. அறுபத்திரண்டு வருடங்களில் ஒருவரும் மறுத்ததில்லை. மதலைமுத்து புத்தகத்தை வாங்கி, தீர்மானத்தை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு கீழே, "கீழ்ப்படிகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.