மூன்றாம் பலகை

மூன்றாவது பலகை மட்டும் குளிர்ந்திருந்தது.

சித்திரை மாதத்து உச்சிப்பொழுது. ராசிபுரத்துத் தெருநாய்கூட நிழலை விட்டு நகராத வெயில். பின்வண்டியின் தகரக் கூரை அப்பளம் பொரிக்கும் சூட்டில் முனகிக்கொண்டிருக்க, உள்ளே வெறுங்காலோடு நின்ற நூல் வியாபாரி மருதாசலத்தின் வலது பாதத்தில் மட்டும் மழைக்கால மண்ணின் ஈரம் ஏறியது. சட்டென்று காலை எடுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி வைத்தார்.

வெள்ளைக்காரத் துரைகள் மோட்டாருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் தங்கும் படத்தை ஏதோ பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சத்திரம் என்றாலே குமட்டியது. வைகாசித் தேருக்குத் திருச்செங்கோடு போனால் மூட்டைப்பூச்சிக் கும்பலோடு புரளமாட்டேன், சொந்த வண்டியில்தான் படுப்பேன் என்று கடைவீதி முழுக்க அளந்துவிட்டார். அப்படியொரு பின்வண்டி கட்டப் பழைய லாரி அச்சு, சக்கரம், தகரம் எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. தரைக்குத்தான் நல்ல வாகைப் பலகை வேண்டியிருந்தது.

அது வெண்ணந்தூரில் ஆத்தாயி வீட்டில் கிடந்தது. தறிக்குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்துகொண்டிருந்தபடியே அவள் புருஷன் செத்துப்போனான். அந்தக் குழியை மூடியிருந்த பலகைகள்.

"வெலையக் கொறச்சே தாரேன், எடுத்துக்கங்க சாமி. ஆனா எடுத்த கையோட குழிய மண்ணு போட்டு நெரப்பிப்போடோணுங்க. நாலு வண்டி மண்ணு. நெய்யறவன் போன குழி தொறந்து கெடந்தா காலுக்கு ஏங்குமுங்க."

"பலகை இந்தப் பக்கம் போனா மண்ணு அந்தப் பக்கம் வருது, போம்மா" என்றார். பலகை அன்றே வந்தது. மண் போகவில்லை. பத்து நாளாயிற்று. செத்தவன் என்ன, சேலம் கோர்ட்டுக்கா போகப்போகிறான்?

பலகைகளைச் சட்டத்தில் வைத்துத் திருகாணியால் இறுக்கிய ஆசாரி சென்னிமலை, மூன்றாம் பலகையை மிதித்ததுமே காலையில் வண்டியை விட்டு இறங்கிவிட்டான்.

"ஏனுங்க மொதலாளி, அந்தக் குழிக்கு மண்ணு போட்டாச்சுங்களா?"

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கய்யா உளி? போயி உமி சலி. பொழுது சாயற வரைக்கும் நான் உள்ள படுத்துக் காட்டறேன், பாரு."

ஆசாரி எதிர் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டான். இப்போது வண்டியை விட்டு இறங்கி ஓடினால் சாயங்காலத்துக்குள் கடைவீதியே சிரிக்கும். மருதாசலம் பாயை விரித்துப் படுத்தார்.

முதலில் வாடை வந்தது. தறிப் பாவுக்குப் போடும் கஞ்சி நாள்பட்டுப் புளித்த வாடை, பலகை இடுக்கு வழியாக ஏறி, தொண்டையில் பிசின்போல் ஒட்டியது. பிறகு சத்தம்.

தடக்.

பக்கத்துத் தெருத் தறியாக இருக்கும்.

தடக். முதுகுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. மிதிகட்டை. இடது. வலது.

இறங்கி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். தார் பூசிய பலகை. வெயில். மண்ணைக் கிளறும் ஒரு கோழி. அவ்வளவுதான். மரத்தடியில் ஆசாரி சிரித்ததுபோல் இருந்தது. மறுபடி ஏறி, சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

தடக்.

"சரி, நாளைக்கு ஒரு வண்டி மண்ணு அனுப்பறேன்" என்றார் தரையைப் பார்த்து, சந்தையில் பேசும் அதே குரலில்.

சத்தம் நின்றது. யோசிப்பதுபோல்.

தடக். தடக்.

"ரெண்டு வண்டி."

வேகம் கூடியது.

"நாலு! நாலும் தாரேன்! இன்னைக்கே!"

மூன்றாம் பலகையின் திருகாணி ஒன்று தானாகச் சுழன்று மேலே வந்தது. இன்னொன்று. பலகை விலகியது. அவர் கால்கள் உள்ளே சரிந்தன. முழங்கால் வரை. தொடை வரை. வெயிலும் கோழியும் இருக்கவேண்டிய இடத்தில் ஈர மண்சுவர் கெண்டைக்காலை உரசியது. இழுத்தார். வரவில்லை.

"ஆசாரி! அடியில வந்து என்ற காலப் புடிச்சு மேல தள்ளு!"

ஓடிவரும் சத்தம். வண்டிக்கு அடியிலிருந்து சென்னிமலையின் குரல்.

"பலகை பேந்து கெடக்குதுங்க மொதலாளி..."

"கால, கால!"

"உங்க காலக் காணோமுங்க."

மருதாசலம் குனிந்து பார்த்தார். இருட்டில், மிதிகட்டைமேல் அவருடைய பாதங்கள். அவற்றை ஒட்டி, கஞ்சி காய்ந்து வெடித்த இன்னும் இரண்டு பாதங்கள்.

அவை மெல்ல இறங்கி, அவருக்கு இடம் விட்டன.