நட்சத்திரக் கூரையும் ஈரக் கம்பளிகளும்

சில்வண்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் அவள் அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சலோ என்று. அப்பேர்ப்பட்ட வாயாடி! அன்று நகர மண்டபத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

நூறு வருடத்துக்கு முந்தைய மண்டபம். நீல நிற வட்டக் கூரையில் தங்க நட்சத்திரங்கள். பள்ளி விட்டதும் அண்ணாந்து அதைப் பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை. நாளை அதை அட்டை போட்டு மறைக்கப் போகிறார்களாம்!

"ஏன் மேயரம்மா?" மேயரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எதிரொலி தாங்கல கண்ணு. வணக்கம்னு சொன்னா க்கம், க்கம், க்கம்னு திரும்பி வருது. கூட்டத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. கூரைக்கு அட்டை அடிச்சா சத்தம் அடங்கும்னு நம்ம இன்ஜினியர் சொல்றாரு."

"முன்னாடியும் இப்படித்தானா?"

"இல்லையே. போன வருஷம் வெள்ளையடிச்சதிலிருந்துதான்."

சில்வண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தாள். தூண்களுக்கு நடுவே வரிசையாக இரும்புக் கொக்கிகள்.

"அதுல என்ன தொங்குச்சு?"

"தடித்தடியா பழைய திரை. ஒரே தூசி! வெள்ளையடிக்கும்போது கழட்டி எறிஞ்சுட்டோம்," என்றார் இன்ஜினியர் பெருமையாக.

சில்வண்டின் அப்பா சலவைக்கடைக்காரர். வெண்கலக் குரல். துணி காயப்போடும் அறை காலியாக இருந்தால் அவர் கூப்பிடுவது கணகணவென்று காதைத் துளைக்கும். கம்பளிகள் தொங்கினால் அந்தக் குரலே பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடும்.

அவள் கடைக்கு ஓடினாள்.

"அப்பா, எல்லாக் கம்பளியும் வேணும்! மண்டபத்துல மாட்டணும்!"

"இன்னும் ஈரமே காயல. வாடிக்கைக்காரங்க என்னை உரிச்சுத் தொங்கவிடுவாங்கடி!"

"அங்கேயே காயட்டும்பா. கொஞ்ச நேரம்தான். இல்லன்னா நட்சத்திரமெல்லாம் போயிடும்பா!"

மகளின் கண்களைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே ஏணியைத் தூக்கினார்.

சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது என்று எல்லாக் கொக்கியிலும் கம்பளி ஏறியது. மேயரம்மா மேடையேறித் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்."

ஒரே ஒரு வணக்கம்தான் கேட்டது. பின்னால் ஒரு 'க்கம்' கூட இல்லை!

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "இந்தக் கட்டிடத்தைக் கட்டினவங்க விவரமானவங்கதான். நாமதான் அவசரப்பட்டுட்டோம்."

"அட்டை வேண்டாம். நாளைக்கே புதுத் திரை தைக்கச் சொல்லுங்க," என்றார் மேயரம்மா.

சில்வண்டு துள்ளிக் குதித்தாள். கடைசி வரிசையில் அப்பா இன்ஜினியரின் காதருகே குனிந்து, "எம் பொண்ணு சார்!" என்று ரகசியமாகச் சொன்னார்.

அது மேடைவரை தெளிவாகக் கேட்டது.