பிழிதலுக்கு நகராத மெஷின்

மெஷினின் முகப்பில் துவைத்தல், அலசல், பிழிதல் என்று மூன்று விளக்குகள். மதியம் சோறு வடித்த நேரத்தில் எரிய ஆரம்பித்த முதல் விளக்கு, மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. டிரம் இந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றியது, அந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றியது, நின்றது, யோசித்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இப்படி ஒரு சோம்பேறியை வேலைக்கு வைத்தால் எந்தக் கம்பெனியும் உருப்படாது என்று யோகப்பிரியா அதன் மண்டையில் ஒன்று வைத்தாள்.

கம்பெனி என்ற சொல்லே அவளுக்கு இனித்தது. நாளைக் காலை கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். நீலச் சட்டையும் பேண்ட்டும் ஒரே ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். யூனிபார்ம் இல்லாமல் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம், அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு ஜோடிதான் இப்போது பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

மாமியார் கருப்பாத்தாள் உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். "நான் இருக்கற வரைக்கும் இந்த ஊட்டுப் படியத் தாண்டி ஒருத்தியும் சம்பளத்துக்குப் போகக் கூடாது" என்று கல்யாணமான புதிதில் சொன்னவள், பிறகு பக்கவாதம் வந்து கால் இரண்டும் விழுந்து, படுத்த இடத்திலிருந்தே சொன்னதை நிறைவேற்றினாள். கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவாள். டங், டங். யோகப்பிரியா ஓடுவாள். வருஷக்கணக்கில் ஓடினாள். போன மாதம் கிழவி போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

நல்லேப்பிள்ளி வயல்களின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆகும் முன்பே வீட்டுக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. சமையலறைக்குப் பின்னால் கிரில் அடித்த வொர்க் ஏரியாவில் குந்தியபடி, லாரியோடு சேலம் பக்கம் போயிருந்த கணவன் சிவப்பிரகாஷைப் போனில் பிடித்தாள்.

"ஏனுங்க, மெஷினு அலசலுக்கே போக மாட்டீங்குது. கதவும் தொறக்க மாட்டீங்குது."

"பிளக்கப் புடுங்கிப் போட்டுப் பாத்தியா?"

"பாத்துட்டனுங்க. கொழாயும் தொறந்துதான் இருக்குது. ஓசும் மடங்குல."

"அப்பத் தண்ணி வெளிய போகாம நிக்குது. அடியில வலது பக்கம் சின்ன மூடி இருக்கும் பாரு, உள்ளார பில்டரு. எதாச்சும் அடச்சிருக்கும்."

கிண்ணத்தை வைத்து மூடியைத் திருகினாள். தண்ணீர் ஒழுகியது. சோப்பு வாசனை வரும் என்று குனிந்தவளுக்கு வந்தது வேறு வாசனை. அரைத்த சந்தனம், சூடம், ஈரத்தில் அணைந்த ஊதுபத்தி. பில்டரைச் சுற்றி நீளமான வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று இறுக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை, நுனியில் முடிச்சு. ஏதோ பழைய வேட்டியின் கிழிசல் என்று நினைத்துக்கொண்டு நகத்தால் நெம்பி அவிழ்த்து, கிரில் வழியாக வெளியே எறிந்தாள்.

மெஷினைப் போட்டதும் விளக்கு அலசலுக்கு நகர்ந்தது. அவள் நிமிர்ந்து சிரிப்பதற்குள் உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கோழை கட்டிய, பழகிய செருமல். அதற்கு அடுத்து வழக்கமாக ஒரு வசவு வரும். யோகப்பிரியா அசையாமல் நின்று அந்த வசவுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஓட்டின் மேல் மழைதான் கொட்டிக்கொண்டிருந்தது. பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பல்லி எங்கே செருமும் என்று அவள் மனசே கேலி செய்தது.

அலசலிலும் மெஷின் நின்றது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மறுபடி மூடி, மறுபடி அந்த வாசனை, மறுபடி ஒரு பட்டை. இது குட்டையானது. இரண்டு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு வளையம், நடுவில் முடிச்சு. யூனிபார்மை நினைத்துக்கொண்டு அதையும் அவிழ்த்து, மெஷினை மறுபடி போட்டாள்.

டங். டங்.

கட்டில் கம்பி. எவர்சில்வர் டம்ளர்.

கால்கள் பழக்கத்தில் இரண்டு எட்டு ஓடிவிட்டன. சமையலறை நிலையைப் பிடித்து அவள் தன்னை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு மயிலாத்தாளுக்குப் போன் போட்டாள்.

"பெரியம்மா, அத்தையத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக் கட்டு அவுத்தாங்களா?"

"ஆரு அவுத்தா? குழியில தண்ணி நின்னுதுன்னு கேஸ் சுடுகாட்டுக்குல்ல கொண்டு போனாங்க. வாய்க்கட்டு, கைக்கட்டு, கால்கட்டு மூணும் அப்படியே இருந்துதுன்னு ஆம்பளைக வந்துதான் சொன்னாங்க. உம் புருசன் கட்டவுக்கறதுக்குள்ள இரும்புக் கதவச் சாத்திட்டாங்களாமா. கட்டோட போனவங்க எப்படிக் கண்ணு ஊட்ட உட்டுப் போவாங்க?" மயிலாத்தாள் மூச்சு வாங்கினாள். "ஏன் கேக்கற?"

"சும்மாதானுங்க."

டங். டங். டங்.

"தட்டுங்க" என்று யோகப்பிரியா உரக்கச் சொன்னாள். "இத்தன வருசம் ஓடி வந்தேன். இன்னிக்கு வர மாட்டேன்."

தட்டல் நின்றது. அது தட்டலைவிட மோசமாக இருந்தது.

விளக்கு இன்னும் அலசலிலேயே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சட்டையின் கை ஒன்று மேலே வந்தது, கீழே போனது. பில்டரில் என்ன இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அவிழ்த்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். வாய் அவிழ்ந்ததும் செருமியது. கை அவிழ்ந்ததும் தட்டியது. அவிழ்க்காவிட்டால் யூனிபார்ம் இல்லை, வேலை இல்லை, இந்த வீடும் இந்தக் கட்டிலும்தான்.

மூடியைத் திருகினாள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும் பட்டை. முடிச்சின் மேல் முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தாள். சூடம் நாக்கில் கசந்தது.

"போயிருங்க அத்தை. நீங்களும் போங்க. நானும் போறேன்."

முடிச்சு விட்டது.

விளக்கு பிழிதலுக்கு நகர்ந்தது. மெஷின் தரையே அதிரும்படி சுழன்றது, குறைந்தது, நின்றது. க்ளிக். கதவு திறந்தது. நீலச் சட்டை. நீலப் பேண்ட். பளிச்சென்று. நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது அவளுக்கு அழுகை வந்தது, ஜெயித்த அழுகை.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. பாரம் இறங்கும் சத்தம்.

தரையில் ஒரு பாதம். பிறகு இன்னொரு பாதம். ஈரமாக, இழுத்து இழுத்து, வாசல் பக்கம் போனது. போகட்டும். போகிறாள்.

வாசலில் நின்றது. தாழ்ப்பாள் திறக்கவில்லை.

பின்பக்கக் கிரில் வழியாக ஓடலாம். வயலில் இறங்கினால் மயிலாத்தாள் வீடு. ஆனால் இன்று பின்பக்கமாக ஓடினால் நாளையும் ஓட வேண்டும். சேலையை உருவிப் போட்டாள். ஈரச் சட்டையை மாட்டினாள். பேண்ட்டை மாட்டினாள். சமையலறையைத் தாண்டினாள். டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. உள்ளறையைத் தாண்டினாள். கட்டில் காலி.

முன்னறை விளக்கைப் போட்டாள்.

வாசற்படியின் குறுக்கே, நிலையின் இந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து, அந்தப் பக்கம் வரைக்கும் கால்களை நீட்டி, கருப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கட்டில்லாத தாடை நெஞ்சு வரை தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

யோகப்பிரியா கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"காலை மடக்குங்க அத்தை" என்றாள்.

வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த அந்த இரண்டு பெருவிரல்களும், ஒன்றையொன்று தொடாமல், தனித்தனியாக அசைந்துகொண்டிருந்தன.