வலப்பக்கம் கண்ணுள்ள மீன்

“அச்சை நிறுத்துங்க.”

கேட்கவே கூடாது என்று சில்யேவுக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே விஷயம் அது. மீன், பறவை, பூச்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஓடுகிற அச்சை நிறுத்தச் சொல்லக் கூடாது. மீன் ஆலையில் வேலை பார்க்கும் அம்மாவோ, படித்தவர்கள் முன்னால் வாயையே திறக்காதே என்பாள். வீட்டில் முதல் பட்டம் இவளுடையது. பிறகு எதற்குப் படித்தாளாம்?

பதிப்பாளர் லோனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

சில்யே அச்சுத் தாளை விரித்தாள். ஆரஞ்சுப் புள்ளி போட்ட தட்டை மீன். இரண்டு கண்ணும் வலப்பக்கம் இருக்கிற மீன். அவள் அப்படித்தான் வரைந்து அனுப்பியிருந்தாள். தாளிலோ கண்கள் இடப்பக்கம். யாரோ படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். டென்மார்க்கின் இந்த எஸ்பியர் துறைமுக ஊரில் இந்த மீனை வறுத்துத் தின்னாத வீடு உண்டா?

நிறுத்தினால் வசந்தத்துக்குள் புத்தகம் பள்ளிகளுக்குப் போகாது என்றாள் லோனே. பேசாமல் போனால் அடுத்த கடற்பறவைப் புத்தகம் முழுக்க அவளுக்கே.

கடற்பறவைகள்... எத்தனை வருடக் கனவு!

“திருப்பினது யாரு?” என்றாள் சில்யே.

ஜன்னலோரம் ஒருவன் எழுந்தான். “நான்தான்.”

சில்யே அவனைப் பார்த்தாள். அவனா...

இலையுதிர்காலத்தில் ஒரு நாள், ஃபானோ தீவுப் படகின் மேல்தளத்தில் அவள் கடற்காகத்தை வரைந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. யாரோ ஒருவன் குடையை நீட்டினான். அவளுக்கும் இல்லை, தனக்கும் இல்லை... அவள் வரைந்த தாளுக்கு. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். மழைக்குப் பிந்தைய கடலின் சாம்பல் நிறம் அவன் கண்களுக்கு. பெயரைக் கேட்க வீம்பு விடவில்லை. அதற்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு படகிலும் அவள் முதலில் பார்த்தது மேல்தளத்தைத்தான். வெறும் மழை... வெறும் கைப்பிடிக் கம்பி...

தேடித் தேடிக் கிடைத்தவன் இப்படியா கிடைக்க வேண்டும்?

“உங்க மீன், புத்தகத்துக்கு வெளியே பார்த்துச்சு,” என்றான் அவன். பெயர் யெப்பே, பக்கம் அமைக்கிறவன். “எந்தப் பிராணியும் உள்ளேதான் பார்க்கணும்ங்கிறது இங்க வழக்கம். யோசிக்காம திருப்பிட்டேன்.”

“உங்க மூஞ்சியை யாராவது திருப்பி மாட்டினா பொறுத்துப்பீங்களா?”

“நீங்க மாட்டினா பொறுத்துப்பேன்.”

சிரிப்பு வந்தது, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

அவன் லோனேவிடம் திரும்பி, தப்பு தன்னுடையது, நிறுத்திவிடலாம் என்றான். அச்சகத்தைக் கூப்பிடுகிறவனுக்கு நாளை இங்கே நாற்காலி இருக்காது என்றாள் லோனே.

சில்யே பையைத் திறந்து மூலப்படத்தை எடுத்து அவன் மேசையில் வைத்தாள். பையில் வேறொன்றும் இல்லை. இன்று காட்ட வேண்டிய பறவைப் படங்களைக் காலையிலேயே முடிவு செய்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“பறவைப் புத்தகத்தை வேற யாருக்காவது குடுங்க லோனே. இந்த மீன் இப்படியே போனா என் பேர் அதுல வேண்டாம்.”

கதவருகே அவன் குரல் அவளைப் பிடித்து நிறுத்தியது.

“சில்யே... குட்டியா இருக்கும்போது இந்த மீனுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்குமாமே?”

“ஆமா.”

“அப்புறம் ஒரு கண்ணு மெல்ல மறுபக்கத்துக்குப் போயிடுமாம்.” அவன் குரல் தழைந்தது. “அந்தப் படகுலேருந்து... எனக்கும் அப்படித்தான். உங்க பக்கமே.”

கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் கேட்டாள்.

“வலிச்சுதா?”

“ரொம்ப.”

“எனக்கும்தான்.” திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “அடுத்த படகுல மேல்தளத்துல இருப்பேன். இவங்களுக்குப் பயந்து உக்காந்திருந்தீங்கன்னா வராதீங்க.”

வெளியே நடந்தாள். மழை. பாதித் திறந்த ஜன்னல் வழியே, அவன் தொலைபேசியில் அச்சகத்தோடு பேசுவது கேட்டது...

“நிறுத்துங்க.”

நடையை அவள் குறைக்கவில்லை. படகுத்துறை பக்கத்தில்தான்.