சூடு ஆறாத கட்டில்

"நேத்து மத்தியானம் அவ்வளவு ஆசையா வந்து பக்கத்துல படுத்தே. இன்னைக்கு ஒரு ஈரத்துண்டுக்காக வீட்டையே ரெண்டாக்கறே! ஒரு நாளைக்கு எத்தனை முகம் உனக்கு?"

பல் துலக்கிய நுரை வாயோரம் காயாமலே கணவன் கத்தினான். காலை ஆறு மணி. படுக்கை மேல் கிடந்த ஈரத்துண்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்த மனைவிக்குத் துண்டு மறந்துபோயிற்று.

"நேத்து மத்தியானமா? நேத்து மத்தியானம் நான் எதிர்க் கட்டடத்துல, கண்ணாடி ரூமுக்குள்ள, ஆறு பேரோட மீட்டிங்ல இருந்தேன். அஞ்சு மணிக்குத்தான் வீடு வந்தேன்."

"அப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினது யாரு? உங்க அக்காவா?"

நியாயமாகப் பார்த்தால் அந்த நொடியே அவளுக்குக் குலை நடுங்கியிருக்க வேண்டும். ஆனால் எந்த மனைவிக்கும் முதலில் தோன்றுவது பேய் அல்ல, இன்னொருத்தி. அவளும் தலையணையைத்தான் முதலில் பார்த்தாள், நீளமான முடி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. ஒட்டியிருந்தது. அவளுடைய முடிதான்.

இந்த இருவரைப் பற்றிச் சொந்தபந்தத்தில் பேசாத வாய் கிடையாது. பெயரே 'பெட்டித் தம்பதி'. வீட்டை விற்று, பாத்திரத்தைத் தானம் கொடுத்து, ஆளுக்கொரு பெட்டியும் ஆளுக்கொரு மடிக்கணினியுமாகக் கிளம்பி மூன்று வருஷம். மாதத்துக்கொரு ஊர். வேலை கம்பி வழியே வரும், சம்பளமும் கம்பி வழியே வரும். ஏதாவதொரு மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் நான்கு பாதங்களை நீட்டி, அதற்கப்பால் தெரியும் மலையையோ கடலையோ படமெடுத்துப் போடுவார்கள். இங்கே நாமெல்லாம் பஸ்ஸுக்கு நின்றபடி பார்த்துப் பெருமூச்சு விடுவோம். படத்தில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பாதங்கள் நான்கும் ஒன்றாக நீண்டிருப்பது படம் எடுக்கும் அரை நிமிஷம் மட்டும்தான்.

அவன் ஏதோ ஒரு கண்டத்துக் கம்பெனியின் கணினிகளை இரவெல்லாம் காவல் காத்தான். ஊர் சுற்றக் காசு போதவில்லை என்று மாலையில் இன்னொரு கம்பெனியைப் பிடித்துக்கொண்டான்; அதனால் ஊர் சுற்ற நேரமில்லாமல் போயிற்று. அவளுக்கோ பகல் வேலை, எதிர்க் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த மேசையில். ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் தொலைபேசி ஊழியர்கள் வாடிக்கையாளர்களோடு பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது. வார்த்தையைவிட மூச்சைத்தான் அதிகம் கேட்பாள். எங்கே அலுத்துக்கொண்டான், எங்கே பொய் சொன்னான் என்பது மூச்சில் தெரியும். ஆக, அவள் எழுந்த கட்டிலில் அவன் விழுவான், அவன் எழுந்த கட்டிலில் அவள் விழுவாள். ஆலையில் சங்கு ஊதியதும் ஆள் மாறுவதுபோல. வேலையில்லாமல் இருவரும் சேர்ந்து விழித்திருப்பது காலையில் இருபது நிமிஷம். அந்த இருபதையும் ஈரத்துண்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"வீடு வாடகைக்கு, மேசை வாடகைக்கு. புருஷனையும் வாடகைக்குத்தான்டி எடுத்திருக்கே" என்பாள் அவளுடைய அக்கா, தொலைபேசியில்.

அக்காவுக்குத் தெரியாதது, அவள் இந்த வீட்டுக்கு வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தாள் என்பது. இந்த ஒரு மாதம் முடிந்ததும் போதும் என்று சொல்லிவிடுவது. பயணமும் போதும், நீயும் போதும். ஆனால் வந்த நான்காம் இரவு, தூக்கத்தின் அடியில் அவள் கிடந்தபோது, முதுகுக்குப் பின்னால் மெத்தை மெல்ல அழுந்தியது. ஒரு கை அவள் நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை முடியை நீவிவிட்டது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். வேலைக்கு நடுவே எழுந்து வருகிறான் என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தால் நிறுத்திவிடுவானோ என்று மூச்சைக்கூடச் சீராக விட்டாள். இன்னும் ஒரு மாதம் இருக்கலாமா என்று அவன் கேட்டதும் உடனே சரியென்றது அந்தக் கைக்காகத்தான்.

இப்போது துண்டைக் கீழே போட்டுவிட்டு அதைக் கேட்டாள். "ராத்திரி நீ வந்து என் தலையைத் தடவிட்டுப் போறது?"

"நானா? வேலை நேரத்துல அஞ்சு நிமிஷம் மவுஸ் அசையலன்னா என் பேர் பக்கத்துல பச்சை விளக்கு மஞ்சளாயிடும். பாத்ரூம் போகவே பயந்து சாகறேன். தலையைத் தடவறானாம்!"

இருவருக்கும் மனிதரைவிட அட்டவணை மேல்தான் நம்பிக்கை. அவன் தன் பதிவைத் திறந்து காட்டினான். இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு இரவும் பச்சை, ஒரு மஞ்சள்கூட இல்லை. அவள் தன் கூட்டத்தின் பதிவைக் காட்டினாள். நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்ணாடி அறையில், கன்னத்தில் கைவைத்து, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு அவளே உட்கார்ந்திருந்தாள்.

அவன் இரண்டு மடிக்கணினியையும் மூடினான்.

"கனவா இருக்கும்" என்றான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கனவா? வேற வீடு பார்க்கலாம்."

"பைத்தியமா? இவ்வளவு நல்ல நெட் எந்த வீட்டுல கிடைச்சுது?"

சொல்லிவிட்டுப் படுத்தான், கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு. யாருக்கு அந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று பகல் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒலிப்பதிவில் யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை மதிப்பெண் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பதினொரு மணிக்கு, நெட் போய்விட்டது என்று மேலதிகாரிக்கு ஒரு பொய்யை அனுப்பிவிட்டுத் தெருவைக் கடந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடும் வேகம்தான் காலில். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

பட்டப்பகல். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே, அவன் தூங்குவதற்காக எல்லாத் திரையையும் இழுத்து, திரையின் விளிம்புகளைச் சுவரோடு ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டியிருந்தான். கூடத்தைத் தாண்டுவதற்குள் வெளிச்சம் அவள் கணுக்காலோடு நின்றுபோய், அதற்கு அப்பால் குளிர்ச்சாதனத்தின் முனகலும், குழாய் எங்கோ சொட்டும் ஒலியும், துவைத்து வெயில் காணாமல் மடித்த துணியின் புழுங்கல் வாடையும், அந்த வாடைக்குள் கரைந்திருந்த அவளுடைய தலை எண்ணெய் வாசனையும் மட்டும் இருந்தன. அவள் எண்ணெய் தேய்த்து ஒரு வாரமாகியிருந்தது. படுக்கையறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சுவரைத் தொட்டுத் தொட்டுப் போய், கதவு நிலையில் கன்னத்தை வைத்து, தொழில் பழக்கத்தில், முதலில் காதைத்தான் உள்ளே அனுப்பினாள்.

மூச்சு. இரண்டு.

ஒன்று அவனுடையது. இழுக்கும்போது மூக்கில் சின்னதாய் ஒரு சீட்டி.

இன்னொன்று மெல்லியது. பெண்ணின் மூச்சு. பிடிபட்டார்கள் என்று அவளுக்குள் ஒரு கசப்பான சந்தோஷம்கூட எழுந்தது. அடுத்த மூச்சில் அது அணைந்தது. இழுப்பு நீளம். நடுவில் ஒரு தயக்கம். பிறகு இரண்டு தவணையாக வெளியே விடுவது. ஒவ்வொரு நாளும் காதொலிப்பானில் தன் ஒலிவாங்கியைச் சோதிக்கும்போது கேட்கும் மூச்சு.

அவளுடையது.

அவள் மூச்சை நிறுத்தினாள். உள்ளே அது நிற்கவில்லை.

கண் இருட்டுக்குப் பழகிற்று. சுவர்ப் பக்கம் அவன். இந்தப் பக்கம், அவளுடைய பக்கம், போர்வை மேடாக இருந்தது. இடுப்பின் வளைவு. தோள். தலையணையில் முடி.

"போயிடாதே" என்றான் அவன். தூக்கத்தில் சொன்னதல்ல. மூன்று வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. அதற்கு முன்பும் கேட்டதில்லை.

"நான் எங்கேயும் போகலையே."

அதுவும் அவள் குரல்தான். அலுப்பு இல்லாத அவள் குரல்.

செருப்பு கையிலிருந்து விழுந்தது. அவன் தலையைத் தூக்கினான். வாசலில் நிற்பவளைப் பார்த்தான். பக்கத்தில் படுத்திருப்பதைப் பார்த்தான். மறுபடி வாசலை. கத்துவான் என்று காத்திருந்தாள். எழுந்து ஓடி வருவான். கையையாவது உதறுவான்.

போர்வைக்கு மேலே கோத்திருந்த விரல்கள் இன்னும் இறுகின.

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றான், அவளிடம். "வெளிச்சம் வருது."

சாத்தினாள். அதுதான் வேடிக்கை. அந்த நிலையிலும் சத்தம் வராமல், கைப்பிடியைத் திருகிப் பிடித்து, மெதுவாகச் சாத்தினாள். பிறகுதான் ஓட்டம்.

கீழே வீட்டுக்காரம்மா படியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு ஆளாத்தான் கிளம்பறியாம்மா?"

"மேல... மேல யாரு இருக்காங்க?"

"வர்றப்போ ஜோடியாத்தான் வர்றாங்க" என்றாள் அவள், துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு. "போறப்போ நான் எண்ணறதில்ல."

அவள் நேரே அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. ஒன்றரை வருஷத்தில் விவாகரத்து. அதற்கடுத்த தை பிறப்பதற்குள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது மணிக்குக் கடையடைத்து, பத்து மணிக்குக் குறட்டை விடுகிற நல்ல மனுஷன். ஒரே தெரு, ஒரே வீடு. ஆளுக்கொரு கட்டில் வேண்டும் என்றாளாம். அவர் காரணம் கேட்கவில்லை. உலகம் சுற்றப் போனவன் மட்டும் அந்த வீட்டை விட்டு அசையவே இல்லை. நான்கு வருஷமாகிறது. பெட்டியைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டானாம். "கால்ல சக்கரம் கட்டினவன் எப்படிடி ஒரே இடத்துல இருக்கான்?" என்று கேட்காத உறவு இல்லை.

விவாகரத்துக் கடைசி விசாரணையைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அக்காவைத் தவிர. அக்காவிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

விசாரணை காணொளியில் நடந்தது. நீதிபதி ஒரு சின்னக் கட்டத்தில், அவள் ஒன்றில், அவன் ஒன்றில். அவன் கட்டம் இருட்டாக இருந்தது. இளைத்திருந்தான், ஆனால் முகத்தில் நல்ல தூக்கம் தூங்கியவனின் தெளிவு. பின்னால் அந்தக் கட்டில்.

"அறையில் வேற யாரும் இல்லையே?" என்று நீதிபதி கேட்டார். இது எல்லோரிடமும் கேட்பதுதான்.

"இல்லீங்க" என்றாள் அவள்.

"என் மனைவி மட்டும்தான்" என்றான் அவன். நீதிபதி வேடிக்கையாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, லேசாகச் சிரித்தார். கணவருக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றான். தாளைப் புரட்டி, தலை நிமிராமலே, மனைவிக்கும் சம்மதம்தானே என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"சம்மதம்."

அவள் குரல். அவளுடைய கட்டத்திலிருந்து வரவில்லை. நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். அவன் தோளுக்குப் பின்னால் போர்வை மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, திரையில் அதற்கும் இடம் விட்டான்.