மூச்சை இழுங்க, மேடம்

பகல் பதினோரு மணிக்கு மேட்ரன் அந்த அறைக்கு வந்தாள். ஐசியுவை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூம். தொற்று தொடங்கி எட்டு மாதம் கழித்து, நர்சுகள் கொஞ்சம் ஆசுவாசப்படட்டும் என்று மேலிடம் வெள்ளையடித்துக் கொடுத்திருந்தது. ஒரு சாய்வு நாற்காலி, மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

உள்ளே போன நர்சுகள் முகம் தெளிந்து திரும்பினார்கள். அதுதான் மேட்ரனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னதான் சொகுசுன்னு நானே பாக்கறேன்."

வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா தயங்கினாள். "வேணாம் மேடம். அந்தக் குரல் நம்ம சின்ன சிஸ்டர் குரல் மாதிரியே இருக்கு."

மேட்ரனுக்கு ஒரு நொடி முகம் வெளுத்தது.

போன மாதம், பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் வெந்துகொண்டிருந்த சின்ன சிஸ்டர் கெஞ்சினாள்: "மேடம், மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

"எல்லாருக்கும்தான் முட்டுது. நடிக்காத!"

மருந்து அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே சுருண்டு விழுந்த பெண் எழவேயில்லை. ஏற்கெனவே இதய நோய் இருந்ததாக மேட்ரன் அறிக்கை எழுதினாள். பொய் என்று தெரிந்தே பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"குரலாவது, மண்ணாவது!" கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிருமிநாசினி வாடை. அதற்கும் அடியில், வியர்வையில் ஊறிய கையுறையின் வாடை.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"கண்ணை மூடுங்க. மூச்சை இழுங்க."

இழுத்தாள்.

"பிடிங்க."

பிடித்தாள்.

"பிடிங்க."

நெஞ்சு விண்ணென்று தெறித்தது. விட முயன்றாள், முடியவில்லை.

ஈரமான ரப்பர் விரல்கள் அவள் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தன.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு. "எல்லாருக்கும்தான் முட்டுது, மேடம்."

நாற்காலி உருளும் சத்தம் கேட்டு ஆயா ஓடிவந்தபோது, மேட்ரன் உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தாள். உயிர் இருந்தது. பேச்சு போய்விட்டது. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'அந்தப் பொண்ணைக் கொன்னது நான்தான்.'

விஷயம் கேட்டு வந்த பெரிய டாக்டர் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆக்சிஜன் குறைஞ்சா இப்படித்தான் எதையாவது கிறுக்குவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மேட்ரனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதும், ஸ்பீக்கரைப் பிடுங்கி ஆயாவின் கையில் திணித்தார். அறைக்குள் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, கதவை இழுத்துப் பூட்டினார்.

சாவியை உருவக்கூட இல்லை.

கைப்பிடி உள்ளிருந்து மெல்லத் திரும்பியது.