ஏழாவது குரல்

பொண்டோக் என்கிற அந்தக் குடிலுக்குள் தைல வாசனை அடித்தது. யாரும் தைலம் தேய்க்கவில்லை. சுதர்சினி கூட ஏறிவந்த நான்கு பேரின் கால்களையும் பார்த்துவிட்டாள். அம்பாங் ஊருக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் கல்லடுக்கிக் கட்டிய அந்த மலைக்குடிலில், தகரக்கூரையை மழை அறைய, பாசி பிடித்த சுவரும் பழைய அடுப்புக்கரியும் மணக்க, அதையெல்லாம் மீறிக்கொண்டு முகுந்தன் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் வந்தது.

முகுந்தன் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மலையேறும் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குடிலைவிட்டு இறங்குமுன் ஆளுக்கொரு எண்ணாகக் குரல் கொடுக்கவேண்டும். போன வருஷம் அன்று அவள் ஆறு, முகுந்தன் ஏழு. கொட்டும் மழையில் யார் முகமும் தெரியவில்லை. ஏழு வரவேயில்லை. எங்காவது ஒதுங்கியிருப்பான், நொண்டிக்கொண்டு பின்னால் வந்துவிடுவான் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போகிற அவசரம். குரலைக் கட்டையாக்கி அவளே "ஏழு" என்றாள். இரண்டு நாள் கழித்து அவனைப் பள்ளத்திலிருந்து எடுத்தார்கள்.

"எண்ணுறப்ப இருந்தானே, அப்புறம் ஏன்மா திரும்பிப் போனான்?" என்று அவன் அம்மா நேசம்மா இன்றும் கேட்கிறார். செத்தவன் மேலேயே பழி. அந்த அம்மா கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருகிறாள் சுதர்சினி. வெட்கம் கெட்டவள்! உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். இன்று இங்கேயே, எண்ணி முடிப்பதற்குள், சொல்லிவிடவேண்டும்.

"லோகன் அண்ணே, ஒரு விஷயம்..."

"கீழ போய்ப் பேசலாம் லா, மழ வலுக்குது," என்றார் குழுத்தலைவர் லோகன். "எண்ணுங்க. ஒன்னு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

இனி அவள். அண்ணே, அன்னைக்கு ஏழு சொன்னது நான்தான். வாய் அசைந்தது. குரல் எழவில்லை. மறுபடி முயன்றாள். மூச்சுக்கூட வரவில்லை.

"அஞ்சு."

அவள் குரல். வாசல் பக்கமிருந்து.

"ஓகே, எல்லாரும் இருக்கோம். கெளம்பு."

அவள் லோகனின் கையைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. சுவரில் அறைந்தாள். சத்தமில்லை. ஒருவர் பின் ஒருவராக மூடுபனிக்குள் இறங்கினார்கள். நான்கு பேர். பிறகு ஐந்தாவது. அவளுடைய நீல மழைக்கோட்டு.

அது நின்றது. கதவைச் சாத்தத் திரும்பியது. தொப்பிக்குள் அவள் முகம்.

அதில் வெட்கம் துளியும் இல்லை.